புகைபோக்கிக்கும் புரோகிதமா?

பந்தல் போட்டாகிவிட்டது. வரிசை வரிசையாக நாற்காலிகள். வாயிலிலே ஒரு காவலர் படை. பந்தலின் பின்புறத்திலே இன்னொரு படை. மேடையில் மாவட்ட ஆட்சியர், அல்லது அவர் அனுப்பிவைத்த அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பொறியாளர். அடுத்து, ஆலை எழுப்ப அனுமதி கேட்டு வந்திருப்போர். ஒரு மூலையில் படக்கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நடப்பது அனைத்தும் பதிவாக வேண்டும் என்பது சட்டம்.

ஆலோசகர் எழுகிறார். திரையிலே படங்கள் ஓடுகின்றன. காற்றின் நுண்துகள் வரம்புக்குள் இருக்கிறது. கந்தக டையாக்சைடு வரம்புக்குள் இருக்கிறது. நிலத்தடி நீர் வரம்புக்குள் இருக்கிறது. இரைச்சல் வரம்புக்குள் இருக்கிறது என்று ஓதுகிறார். ஓதுகிறார் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். கீழே அமர்ந்திருக்கும் மீனவத் தாய்மார்க்கும், மூட்டை தூக்கும் தோழர்க்கும் அது விளங்கவேண்டும் என்று ஓதுபவர் எண்ணவுமில்லை. விளங்கவில்லையே என்று வருந்தவுமில்லை. மணப்பந்தலிலே மந்திரம் ஓதியவர் மணமக்களுக்குப் பொருள் தெரியவேண்டும் என்று என்றைக்காவது எண்ணியதுண்டா? ஓதவேண்டியதை ஓதினால் போதும், தட்சிணை தரவேண்டியவர் தந்தால் போதும், சடங்கு முடிந்துவிடும்.

இதற்குப் பெயர், தோழர்களே, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்!

மணப்பந்தலிலிருந்து புரோகிதரை வெளியேற்றிய இயக்கம் நமது இயக்கம். புரோகிதமற்ற சுயமரியாதைத் திருமணத்தைக் கேலி பேசினார்கள். நீதிமன்றத்திலே செல்லாது என்றார்கள். 1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சி சட்டம் செய்து செல்லும் என்றாக்கியது. ஆனால் வெளியேற்றப்பட்ட புரோகிதர் எங்கே போனார் என்று நாம் பார்க்கத் தவறிவிட்டோம். குடுமியைக் களைந்து, கழுத்துப்பட்டை கட்டி, கணிப்பொறியை ஏந்தி, எண்ணூரிலும் எர்ணாவூரிலும் ஆலைப் பந்தலில் வந்து அமர்ந்திருக்கிறார் அவர்.

2024 டிசம்பர் 20ஆம் நாள் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக இத்தகைய கூட்டம் ஒன்று நடந்தது. பழைய நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி, 2017 மார்ச்சு இறுதியில் மூடப்பட்டது. அதன் இடத்தில் புதியது எழுப்ப முன்பே வாங்கிய அனுமதி காலங்கடந்து போயிற்று. கட்டடமோ அரையும் குறையுமாக எழும்பி நிற்கிறது. எழும்பி நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, இதை இங்கே எழுப்பலாமா, உமது கருத்து என்ன என்று மக்களைக் கேட்டார்கள்! தாலி கட்டி முடித்த பிறகு மணப்பெண்ணைத் தனியே அழைத்துச் சம்மதமா என்று கேட்கும் பெருந்தன்மை இது. மக்கள் எதிர்த்தே பேசினார்கள்.

பேசினார்கள், சரி. பேச்சு எங்கே போயிற்று? சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதன்முதல் 1994 ஜனவரியில் வந்தது. மக்களைக் கேட்கவேண்டும் என்பது அதிலே கட்டாயமாக இல்லை, 1997இல்தான் கட்டாயமாயிற்று. இன்று நடப்பிலிருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் நாளைய அறிவிக்கை. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியான அதிகாரியோ தலைமை ஏற்கவேண்டும் என்கிறது. பேசியதையெல்லாம் குறித்து மேலே அனுப்பவேண்டும் என்கிறது. அனுப்பப்பட்ட எதிர்ப்பை மேலே உள்ளவர் ஏற்கவேண்டுமா? இல்லை. எதிர்த்தவர் எத்தனை பேர், ஆதரித்தவர் எத்தனை பேர் என்று எண்ணி, அதற்கேற்ப முடிவெடுக்க வேண்டுமா? இல்லை. இத்தனை பேராவது வந்தால்தான் கூட்டம் என்று உண்டா? அதுவும் இல்லை, குறைந்தபட்ச வருகை தேவையில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஊரே புறக்கணித்தாலும் காலி நாற்காலிகளைக் கேட்டுவிட்டுப் போகலாம். மக்கள் கொதித்தெழுந்து கூட்டம் நடத்தமுடியாத நிலை வந்தாலோ, கூட்டமே இல்லாமல் மேற்செல்லவும் அந்த அறிவிக்கையில் வழி இருக்கிறது. அடங்கிப் பேசினால் குறிப்பேட்டில் சேரும். அடங்காது நின்றால் குறிப்பேடே இராது!

இனி, அந்தக் கூட்டத்தில் ஓதப்படும் அறிக்கையை எழுதுபவர் யார் என்று பார்ப்போம். ஆலை வைக்க வருபவர்தாம் ஆலோசகரை அமர்த்துகிறார். அவர்தாம் கூலி தருகிறார். ஆலோசகர் அங்கீகாரம் பெற்றவராக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கிறது. யாரிடம் கூலி வாங்குகிறீர் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுத்து மாப்பிள்ளைக்கு எழுதிவாங்கிய ஜாதகத்தில், மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று எழுதியிருக்குமா? பெண் வீட்டார் அந்த ஜாதகத்தைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கவேண்டும் என்றால், அது அறிவுடைமையா? ஜாதகத்தையே கிழித்தெறியச் சொன்ன இயக்கத்தின் இளைஞர்கள் இந்த ஜாதகத்தைக் கையில் வாங்கிப் படிக்கவாவது வேண்டாமா?

படிக்க எண்ணினால், அங்கே இன்னொரு தடை. பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் வருவது சுருக்கம் மட்டும். மாநில மொழியில் சுருக்கம் கொடுத்தால் போதும் என்பது அறிவிக்கையின் கட்டளை. எந்தப் பக்கத்தில் ஆபத்து இருக்கிறதோ அந்தப் பக்கம் சுருக்கத்தில் வருமென்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சுருக்குபவரும் அதே ஆலோசகர்தாமே!

2020ஆம் ஆண்டு மார்ச்சில் தில்லி அரசு புதியதோர் மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும். நாடு முழுவதும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். நாடு முழுவதற்கும் இரண்டே மொழிகளாம்! அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுமாறு 2020 ஜூன் 30இல் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அன்று எழுந்த குரல் பெரிது, எழவேண்டிய குரல்தான். ஆனால் தில்லி இந்தியில் எழுதினால் கொதிக்கிற நாம், கிண்டியிலிருக்கும் நமது வாரியம் ஆங்கில அறிக்கையை எர்ணாவூர் மீனவர் கையில் நீட்டினால் மட்டும் ஏன் குளிர்ந்து கிடக்கிறோம்? தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டினது. முழு அறிக்கையும் தமிழில் இருந்தால்தான் கூட்டம் நடக்கும் என்று மாநிலம் சொல்வதை எந்த அறிவிக்கையும் தடுக்கவில்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

மொழி கிடக்கட்டும், உள்ளே இருக்கும் அளவையாவது நேர்மையானதா? காற்றையும் நீரையும் ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், அளந்தால் போதும். அந்தப் பருவம் மழைப்பருவமாக இருக்கக்கூடாது. இதுதான் வழக்கம். வடகிழக்குப் பருவமழையிலே வாழ்வும் சாவும் காணும் கொசஸ்தலைக் கழிமுகத்தை, மழையில்லாத மாதங்களில் அளந்துவிட்டு, நிலைமை நன்று என்று எழுதுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. வலை கறுத்தது, படகு கறுத்தது, வீட்டுச் சுவரிலே வெள்ளம் ஏறிய உயரத்துக்கு எண்ணெய்க் கோடு விழுந்தது. ஒரு மாதம் கழியவில்லை. டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்துக் கடலடியில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக் கிடந்தவர்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எந்த மாதத்தில் எந்தக் குப்பத்தில் எந்தத் தண்ணீர் ஏறும் என்று அந்தப் படகுக்காரனுக்குத் தெரியும். அவனைக் கேட்டால் அது கருத்து. கூலிக்கு வந்தவர் மூன்று மாதம் குடுவையில் பிடித்தால் அது அறிவியல்!

இன்னும் பெரிய புரட்டு ஒன்றுண்டு. அனுமதி கேட்டு வருபவர் ஒவ்வொருவரும் தனித்தனியே வருகிறார். மணலியில் சுத்திகரிப்பு ஆலை. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம். வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம். 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம், அதற்கென இரண்டு முறை அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் தள்ளிப்போன கருத்துக் கேட்பு. வட சென்னையில் 800 மெகாவாட்டுடன் மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, நீர் வரம்புக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார்கள். இருக்கிறேன் என்கிறார். நல்லது, போம் என்கிறார்கள். ஒரு மனிதன் முதுகிலே ஒவ்வொருவராகப் பத்துப் பேர் ஏறுகிறார்கள்; ஒவ்வொருவர் எடையும் அளவானதுதான் என்று பத்துச் சான்றிதழ் இருக்கிறது; முதுகு ஒடிந்ததற்கு மட்டும் சான்றிதழ் இல்லை.

அருகிலுள்ள பிற தொழில்களோடு சேர்ந்து விளையும் மொத்தப் பாதிப்பு என்ன என்ற கேள்வி, 2006ஆம் ஆண்டு விண்ணப்பப் படிவத்திலேயே அச்சாகி இருக்கிறது. கேள்வி இருக்கிறது, தக்க விடை எழுதாதவர் தோற்றுப்போவார் என்ற விதி இல்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தொழில் வட்டாரங்களின் சீர்கேட்டுக்குக் குறியீட்டெண் போட்டது. 70ஐத் தாண்டினால் மிகக் கடும் மாசு. மணலிக்கு 76.32. 2010 ஜனவரியில் புதிய திட்டங்களுக்குத் தடை வந்தது. பிறகு தடையை எடுத்தார்கள். முதுகு நிமிர்ந்துவிட்டது என்று கண்டறிந்தா எடுத்தார்கள்? செயல்திட்டம் எழுதிக் கொடுத்தாயிற்று என்று எடுத்தார்கள்.

ராயபுரத்துத் தோழர்களுக்கு ஒரு பழைய கதை நினைவிருக்கும். சென்னைத் துறைமுகத்திலே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் குவித்துக் கையாண்ட காலத்தில், காசிமேட்டிலும் ராயபுரத்திலும் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாலையில் சாம்பல் வேட்டியாகத் திரும்பியது. வழக்கு நடந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தூசுச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மகிழ்ந்தோம். தூசு எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று! ஒழிக்கப்படவில்லை, ஒதுக்கப்பட்டது. ஊருக்குள்ளே இருக்கத் தகாததை ஊருக்கு வெளியே, சேரிப்பக்கம் தள்ளும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதியதன்று. வெள்ளையன் கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம் என்று பெயரிட்டுக் கோடு கிழித்தான். கோடு அழிந்தது, திசை அழியவில்லை. மீனவன், தாழ்த்தப்பட்டவன், ஆலைத் தொழிலாளி என இவர்கள் வாழுமிடம் எதுவோ, அதுவே தகுந்த இடம் என்று எல்லா வரைபடமும் சொல்லிவைத்தாற்போல் சொல்லுகிறது. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று நாடெங்கும் முழங்கினோம். சென்னைக்குள்ளே தெற்கு வாழ்கிறதே, வடக்கு தேய்கிறதே, அதை முழங்க நமக்கு நா எழவில்லையே!

வரைபடம் என்றோம்; அதிலும் ஒரு விந்தை. 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அனல் நிலையச் சாம்பலைக் கடற்கரை மண்டலத்தில் கொட்டுவதைத் தெளிவாகவே தடை செய்தது. 1996இல் மத்திய அரசு ஒப்பிய படத்தில் எண்ணூர்க் கழிமுகம் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பாக, கட்டடம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அலுவலகங்களில் புழங்கிய படத்திலே அந்தக் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம்! 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு கேட்டபோதுதான் இந்த மாயம் வெளிப்பட்டது. அகத்தியர் கடலைக் குடித்தார் என்ற புராணத்தை நகைத்தோம். ஒரு வரைகோல் கழிமுகத்தையே குடித்துவிட்டிருக்கிறது, நகைக்கவும் ஆளில்லை.

பள்ளியிலே மதிப்பெண் போடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாம். ஆகையால் அடுத்த செய்தி நமக்குக் கூடுதலாக உறுத்துகிறது. 2022 ஜனவரி 17ஆம் நாள் தில்லியின் சுற்றுச்சூழல் அமைச்சகம், மாநில மதிப்பீட்டு ஆணையங்களுக்கு மதிப்பெண் போடும் திட்டம் ஒன்றை அறிவித்தது. எதற்கு மதிப்பெண்? ஆற்றைக் காத்ததற்கா? அன்று! 80 நாளுக்குள் அனுமதி கொடுத்தால் 2 மதிப்பெண். 105 நாளுக்குள் கொடுத்தால் 1. அதற்கும் மேல் ஆனால் சுழி. விண்ணப்பித்தவரிடம் கூடுதல் விவரம் கேட்பது குறைவாக இருந்தால் மதிப்பெண். இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது குறைவாக இருந்தால் அதற்கும் மதிப்பெண்! விடைத்தாளைப் பிரித்துப் பார்க்காத ஆசிரியனுக்கு நல்லாசிரியர் விருது. நம் மாநிலத்து ஆணையம் இருப்பது சைதாப்பேட்டைப் பனகல் மாளிகையில். கோயில் கணக்கையே பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவரச் சட்டம் செய்த பனகல் அரசரின் பெயர் தாங்கிய கட்டடத்தில், கணக்குப் பார்க்காமல் கையொப்பமிடுவதற்கு மதிப்பெண்ணா?

மறுப்பது அரிது, தண்டிப்பதும் அரிதாகிவிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல், போபால் நச்சுவாயு பலிகொண்ட ஈரம் உலர்வதற்குள் பிறந்தது. மீறினால் 5 ஆண்டுவரை சிறை என்றது. 2023இல் அந்தச் சிறையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் வரை தண்டம் என்று மாற்றிவிட்டார்கள். அனுமதி இன்றியே கட்டிவிட்டுப் பிறகு வந்து அனுமதி கேட்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 16இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 18இல், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதே நீதிமன்றம் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. நீதிபதிகள் கூறிய காரணங்களில் நாம் நுழையவில்லை. எண்ணூரிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது ஒன்றே: ஆறு மாதம் மூடியிருந்த கதவு மறுபடி திறந்தது.

இவையெல்லாம் தில்லியின் குற்றம் என்று எழுதிவிட்டால் நம் ஏட்டுக்கு எளிது, கைதட்டலும் கிடைக்கும். அப்படி எழுத நமக்கு உரிமை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாட்டு அரசினது. அதன் தலைவரை நியமிப்பது தமிழ்நாட்டு அரசு. வட சென்னை அனல் நிலையம் யாருடையது? தமிழ்நாட்டு அரசின் மின் நிறுவனத்தினது. குழாய் வெடித்துக் கொசஸ்தலையில் சாம்பல் கரைந்தது யாருடைய குழாயிலிருந்து? அதே நிலையத்தின் குழாயிலிருந்து. விண்ணப்பிப்பது அரசு, கூட்டத்துக்குத் தலைமை ஏற்பது அரசு, இசைவாணை தருவது அரசு, மீறலைப் பார்க்கவேண்டியதும் அரசு. 1967இல் தொடங்கி இங்கே நெடுங்காலம் ஆண்டவர்கள் திராவிடப் பெயர் தாங்கியவர்கள். மாநில சுயாட்சி கேட்கிறோம். இராசமன்னார் குழுவை 1969இல் அமைத்தவர்கள் நாம். கேட்பது நியாயம். ஆயின், கையில் ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைக் கொண்டு கழிமுகத்துக்கு என்ன செய்தீர் என்று எவனாவது திருப்பிக் கேட்டால், விடை சொல்லவேண்டியவர்களும் நாம்தாம்.

அதிகாரம் இருக்கிறதா என்று ஐயுறுவோர் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தை எடுத்துப் பார்க்கட்டும். வாரியம் இசைவு தரலாம்; மறுக்கலாம். மறுக்கத் துணிந்த நாளும் ஒன்றுண்டு. 2018 ஏப்ரலில் தூத்துக்குடித் தாமிர ஆலைக்கு இசைவைப் புதுப்பிக்க மறுத்தது வாரியம். மே 22இல் ஊர்வலம் வந்த மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. 13 பேர் மாண்டனர். மே 28இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29இல் ஆலையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. ஆக, மறுப்பு சட்டத்தில் நிற்கும். கேள்வி ஒன்றுதான்: கால் நூற்றாண்டுக் குமுறலுக்கும் 13 பிணங்களுக்கும் பிறகு உறுதிப்பட்ட மறுப்பை, ஒரு கூட்டத்தின் குறிப்பேட்டைப் படித்தே சொல்லத் தெரியாதா?

அதே நீர்ச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதத்தில் வாரியம் வாய் திறக்காவிட்டால், நிபந்தனையே இல்லாமல் இசைவு கொடுத்ததாகக் கொள்ளவேண்டும். மௌனம் சம்மதம் என்பது கதைகளில் காதலிக்குச் சொல்வது. ஆற்றுக்கும் அதையே சொல்லிவைத்திருக்கிறது சட்டம்!

தொழிலே வேண்டாமென்கிறீரா, மீண்டும் மாட்டுவண்டிக்குப் போகச் சொல்கிறீரா என்று கேட்பார்கள். சேலத்துக்கு இரும்பாலை கேட்டு முழங்கியவர்களைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஆற்றைத் தெய்வமென்று கும்பிடச் சொல்லவில்லை நாம்; பூமித்தாயின் கோபம் என்று பூசாரித்தனம் பேசவுமில்லை. அளக்கச் சொல்கிறோம். அளந்ததை மறைக்காதே என்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவில் சுற்றுச்சூழலைக் காப்பது ஒரு கடமை. அடுத்த வரியிலேயே அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒரு கடமை. இரண்டும் 1976இல் ஒரே திருத்தத்தில் வந்து அருகருகே அமர்ந்தவை. ஒன்றை மீறாமல் மற்றொன்றை மீற முடியாது என்பதற்கு எண்ணூரைவிட நல்ல சான்று எங்கே?

மின்சாரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். எண்ணூரார் வீட்டிலும் விளக்கு எரிகிறது. அந்த விளக்கின் சாம்பலை எண்ணூரார் மட்டும் ஏன் விழுங்கவேண்டும் என்பதே நம் வினா. அனல் நிலையங்களின் கந்தகப் புகையை அடக்க 2015 டிசம்பரில் வரம்பு விதித்தார்கள். காலக்கெடு ஒத்தி ஒத்தி வைக்கப்பட்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து ஆண்டு தவணை கேட்டவனுக்குக் கடனே தள்ளுபடி! இது முதலாளியின் கடன். உழவன் கடனாக இருந்தால் பண்டபாத்திரம் ஏலத்துக்கு வந்திருக்கும்.

நடக்கக்கூடியதைக் கேளுங்கள் என்று நமக்கு அறிவுரை சொல்வோர் உண்டு. நடந்ததையே சொல்கிறோம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்றொரு மாநிலம். அங்கே நுவார்க் நகரம். துறைமுகமும் குப்பை எரி உலையும் ஏழைகளின் குடியிருப்பை நெருக்கி நிற்கும் ஊர். நமக்கு அடையாளம் தெரிந்த ஊர்! 2020 செப்டம்பரில் அந்த மாநிலம் சட்டம் செய்தது: ஏற்கெனவே மாசுச் சுமை ஏறிக்கிடக்கும் ஏழைகள், கறுப்பர்கள் வாழும் பகுதியில் புதிய மாசு ஆலை கேட்டு வந்தால், அந்த ஆலையின் புகையை மட்டுமன்று, அந்தப் பகுதி ஏற்கெனவே சுமக்கும் மொத்தச் சுமையையும் கணக்கிட வேண்டும், சுமை மேலும் கூடுமானால், தவிர்க்கவொண்ணாப் பொதுநலத் தேவை இருந்தாலன்றி, அதிகாரி மறுத்தே ஆகவேண்டும். மறுக்கலாம் என்றன்று, மறுக்கவேண்டும்! நெதர்லாந்திலோ, மதிப்பீட்டு அறிக்கைகளைச் சரிபார்க்கவே ஆலைக்காரரையும் அமைச்சரையும் சாராத தனி ஆணையம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

எனவே நாம் கேட்பது இது. ஆலோசகரின் கூலியை ஆலைக்காரர் பொதுநிதியில் கட்டட்டும். ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலையாக இருக்கவேண்டாம். முழு அறிக்கையும் தமிழில் வரட்டும், மழைமாதம் உட்பட ஓராண்டு முழுதும் அளந்து வரட்டும். திருவொற்றியூர் முதல் காட்டுப்பள்ளி வரை, மணலியையும் சேர்த்து, இந்த நிலமும் நீரும் காற்றும் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அரசு ஒருமுறை கணக்கிட்டு வெளியிடும் வரையில் புதிய அனுமதி எதுவும் கூடாது. ஆற்றின் இந்தக் கரை சென்னை மாவட்டம், அந்தக் கரை திருவள்ளூர் மாவட்டம் என்று கூட்டத்தை இரண்டாக அறுக்காமல் இரு கரையையும் ஒருசேரக் கேட்கவேண்டும். அரசின் சொந்த ஆலைக்கு அரசு அதிகாரி தலைமையேற்கும் கூத்து ஒழியவேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து நடத்தட்டும். பெரும்பான்மை எதிர்த்தால், எதிர்ப்பை ஏன் ஏற்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, அந்தக் குப்பத்துச் சுவரில் தமிழில் ஒட்டிவிட்டுப் பிறகு கையொப்பமிடட்டும்.

இவற்றில் சிலவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். சிலவற்றுக்கு வேண்டவே வேண்டாம். ஒன்று சொல்கிறோம். நீர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மாநில வாரியத்தில் அரசு நிறுவனங்களின் சார்பில் இருவர் அமரலாம் என்கிறது. அதே பிரிவு, வேளாண்மை, மீன்பிடித் தொழில், தொழில்துறை, வணிகம் ஆகியவற்றின் சார்பில் மூவர்வரை அதிகாரியல்லாதார் அமரலாம் என்கிறது. மீன்பிடித் தொழில்! 1974இலேயே அச்சான சொல். எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசும் ஒருவரைக் கிண்டி வாரியத்தின் நாற்காலியில் அமர்த்த எந்தத் தில்லியிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். ஆங்கிலம் தெரியாதே அவருக்கு என்பார்களோ? கோப்பு தமிழுக்கு வரட்டும்.

இளைஞர்களே! அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வரும். நாளிதழின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில் வரும். அன்றுமுதல் 30 நாள் இருக்கிறது. அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாநகராட்சி அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் வைக்கப்பட்டிருக்கும்; யார் போய்க் கேட்டாலும் காட்டவேண்டும். கல்லூரியில் வேதியியல் படித்தவன் ஒருவன், ஆங்கிலம் தேர்ந்தவள் ஒருத்தி, கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன் என மூவர் மூவராகப் போவோம். மாலையில் படிப்பகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகத் தமிழாக்கி, குப்பத்துத் திண்ணையில் படித்துக் காட்டுவோம். எந்த மாதத்தில் அளந்தார்கள், எங்கே நின்று அளந்தார்கள், பழைய அனுமதியின் நிபந்தனைகளில் எத்தனையை நிறைவேற்றினார்கள் என்ற மூன்று கேள்விகளை எழுதி, பெயரும் முகவரியும் இட்டு, கூட்டத்துக்கு முன்பே வாரியத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவோம். நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையை ஆண்டுதோறும் ஜூன் 1ஆம் நாளும் டிசம்பர் 1ஆம் நாளும் ஆலைகள் கொடுத்தாகவேண்டும். அதையும் கேட்டு வாங்குவோம். அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்ய இருப்பது 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அந்த நாள்களை எண்ணுவதற்கு ஒவ்வொரு படிப்பகச் சுவரிலும் ஒரு நாள்காட்டி தொங்கட்டும்.